பச்சைத் தண்ணீரில் போன கறை

அந்தப் பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பளிச்சக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எந்த அறையில் யார் எதைச் சிந்தினாலும், எந்த விருந்தாளி எந்தப் படுக்கை விரிப்பை என்ன பாடு படுத்தினாலும், அது கடைசியில் அவள் மேசைக்குத்தான் வந்து சேரும். மற்றவர்கள் இயந்திரத்தில் போட்டு மூடியைச் சாத்திவிட்டு ஊர்க்கதை பேசுவார்கள். பளிச்சக்கா துணியை விளக்குக்கு நேரே விரித்துப் பிடித்துப் பார்ப்பாள், முகர்வாள், விரல் நுனியால் தடவுவாள். இது எண்ணெய், இது மை, இது ரத்தம் என்று பிரித்து வைப்பாள். ரத்தம் என்றால் அவளுக்கு ஒரே சட்டம்தான், உடனே பச்சைத் தண்ணீர். வெந்நீர் பட்டால் கறை நூலுக்குள் குடிபுகுந்துவிடும், பிறகு அதைக் கிளப்ப முடியாது. "காய விட்டா போச்சு" என்பது நாளுக்குப் பத்து தடவையாவது அவள் வாயிலிருந்து வரும்.

அவள் கணவர் பஸ் கண்டக்டர். காலையிலிருந்து "ரைட், ரைட்" என்று கத்துவதால் தெருவில் அவரை ரைட்டுக்காரர் என்பார்கள். பஸ்ஸில் அவர் குரல் கடைசி இருக்கை வரை போகும், வீட்டு வாசற்படி தாண்டினால் பெட்டிப்பாம்பு. கல்யாணமான புதிதில் பேனா கசிந்து பை முழுக்க நீலமாகிவிட்ட சட்டையை அவர் பயந்துபோய்க் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தார். அவள் அதைத் தேடியெடுத்து, வெளுத்து, இஸ்திரி போட்டு, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவர் இன்றைக்கும் சொல்வார். அன்றிலிருந்து அந்த வீட்டில் துணி, தண்ணீர், துடைப்பம் சம்பந்தமாக அவள் சொன்னதுதான் வேதம்.

கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிந்தபோதுகூட அவள் அதை ஒரு கறையைப் போலத்தான் எடுத்துக்கொண்டாள். எதைப் போட்டால் போகும் என்று டாக்டரிடம் கேட்டாள். கதிர்வீச்சு என்றார்கள். வெளியிலிருந்து கொஞ்ச நாள், பிறகு உள்ளே கருவி வைத்துக் கொஞ்ச நாள். வயிறு எரிந்தது, சோறு இறங்கவில்லை, தோல் கறுத்தது. கட்டி கரைந்துவிட்டது என்று சொன்ன அன்று சாயங்காலமே சலவைக்கூடத்துக்குப் போய், தான் இல்லாதபோது மஞ்சளாகிப்போன விரிப்புகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ரைட்டுக்காரர் நினைத்தார்.

போகவில்லை. ஒன்றிரண்டு வருடம் கழித்து ரத்தம் மெல்ல எட்டிப் பார்த்தது. முதலில் ஒரு சொட்டு, பிறகு ஒரு துணி, பிறகு பல நாள் ஒன்றுமே இல்லை, பிறகு திடீரென்று ஒரு நாள். அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்கும். வெகுநேரம் தண்ணீர் ஓடும். வெளியே வரும்போது கையில் பிழிந்த துணி, முகத்தில் ஒன்றும் தெரியாத பாப்பா போல ஒரு பார்வை. என்ன இவ்வளவு நேரம் என்று அவர் கேட்டால், துவைக்க இருந்தது என்பாள். அந்தத் துணியை வெயிலில் விரித்துப் பார்த்தால் உலகத்தில் எந்த நிபுணனாலும் அதில் என்ன இருந்தது என்று சொல்லியிருக்க முடியாது.

மாதாந்தரப் பரிசோதனையில் எவ்வளவு போகிறது என்று கேட்பார்கள். "கொஞ்சம்தான்" என்பாள். கதிர் பட்ட இடம், கொஞ்சம் கசியத்தான் செய்யும் என்று அவர்களும் இரும்புச் சத்து மாத்திரை எழுதித் தருவார்கள். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பது அவள் கதைக்கென்றே சொல்லி வைத்த மாதிரி இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பளிச்சக்கா மறைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரும் அதைக் கண்டுபிடிக்க அவ்வளவாக முயலவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று அவருக்குப் பயம்.

அன்று அவருக்கு விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் படுத்திருந்தாள். திடீரென்று எழுந்து, ஒன்றும் பேசாமல் குளியலறைக்குப் போனாள். தாழ்ப்பாள், குழாய், எல்லாம் வழக்கப்படி. பிறகு குவளை தரையில் விழுந்து உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை. அவர் கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து, "ஒண்ணுமில்லீங்க" என்று சன்னமாக வந்தது. திரும்பிப் பார்த்தபோதுதான் அவள் படுத்திருந்த மெத்தை கண்ணில் பட்டது. அது பூராவும் சிவந்து நனைந்திருந்தது.

கெஞ்சிக் கூத்தாடியபின் தாழ்ப்பாள் விலகியது. அவள் சுவரில் சாய்ந்து ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தாள். ரத்தம் வடியவில்லை. நாடித் துடிப்போடு சேர்ந்து, விட்டு விட்டு, செக்கச்செவேலென்று வந்துகொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தானாகக் குறைந்து நின்றது. அவள் முகம் அவள் வெளுத்த விரிப்பு எதையும்விட வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். போகலாம், ஆனால் இப்படியே எப்படிப் போவது என்றாள். அந்த நிலையிலும் அவள் வேலை ஏவினாள். வாளியில் பச்சைத் தண்ணீர் பிடிக்கச் சொன்னாள், வெந்நீர் கலந்துவிடாதீர்கள் என்றாள், மெத்தையைத் துடைத்துத் திருப்பிப் போடச் சொன்னாள், கூடத்திலிருந்து குளியலறை வரை இருந்த தடத்தைத் துடைக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தால் மானம் போய்விடும் என்றாள்.

அவர் செய்தார். கேட்கிறவர்களுக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும். உயிர் போகிற நேரத்தில் தரை துடைக்கிற புருஷனை யார்தான் மெச்சுவார்கள்? ஆனால் அத்தனை வருடப் பழக்கம். கறை என்று வந்துவிட்டால் அவள் சொன்னபடி கை தானாக நடக்கும். வாளி வாளியாக ஊற்றினார், துடைத்தார், பிழிந்தார். அவளைக் குளிப்பாட்டி, துவாலையை மடித்து வைத்து, இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிவிட்டார். வெளியே ஆட்டோவில் ஏறியபோது இருவரும் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களைப் போல இருந்தார்கள்.

அவசரப் பிரிவில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். காலிலிருந்து ரத்தம் மேசையில் சொட்டச் சொட்ட ஒருவன், மண்டை உடைந்து ஒருவன், மூச்சு வாங்கும் முதியவர் ஒருவர் என்று அவளைச் சுற்றிலும் ரத்தமும் கூச்சலும். நடுவில் மடிப்பு கலையாத புடவையில் நேராக உட்கார்ந்திருந்த பளிச்சக்காவைப் பார்த்து, "எவ்வளவு போச்சும்மா?" என்று டாக்டர் கேட்டாள்.

"கொஞ்சம்தான் டாக்டர்."

ரத்த அழுத்தம் சற்றுக் குறைவு. ரத்தத்தைச் சோதித்ததில் ஹீமோகுளோபின் அளவு பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. திடீரென்று போகும்போது அந்த எண் இறங்கச் சில மணி நேரம் பிடிக்கும் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. பெஞ்சில் உட்காருங்கள், பெரிய டாக்டர் வந்து பார்ப்பார், கதிர் பட்டவர்களுக்குக் கசிவது சகஜம்தான் என்றாள் டாக்டர். அவள்மேல் தப்பில்லை. கண்ணால் பார்த்ததை நம்பினாள், கண்ணுக்கு எதுவும் தெரியாதபடி அவர்தான் துடைத்துவிட்டு வந்திருந்தார்.

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பளிச்சக்காவின் உதடு வெளுத்துக்கொண்டே போனது. புடவைத் தலைப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். கை சில்லிட்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் பக்கம் சாய்ந்து, பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்டு வரச் சொன்னாள். மறுபடி வந்துவிட்டது, அதுதான் விஷயம். அங்கே போவாள், தாழ்ப்பாள் போடுவாள், குழாயைத் திறப்பாள். அந்தத் தண்ணீரோடு எல்லாம் போய்விடும், அவளும் போய்விடுவாள், கடைசி வரை கொஞ்சம்தான் போனது என்று எழுதிவைப்பார்கள்.

அவர் எழுந்தார். பாத்ரூமைத் தேடிப் போகவில்லை. டாக்டரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தார். வந்தது பஸ்ஸில் கத்துகிற குரல்.

"டாக்டர், அவ சொல்றது பொய். கொஞ்சம் இல்ல. மெத்தை பூரா நனைஞ்சு போச்சு. நாந்தான் துடைச்சேன், வாளி வாளியா ஊத்தித் துடைச்சுட்டு வந்தேன். நாடி அடிக்கிற மாதிரி விட்டு விட்டு வந்துச்சு, செகப்பா. இப்பவும் வந்துட்டிருக்கு. அவளைக் கழுவ விடாதீங்க."

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மண்டை உடைந்தவன்கூடப் பார்த்தான். பளிச்சக்கா அவரைப் பார்த்த பார்வையை அவர் சாகும்வரை மறக்க மாட்டார். நடுத்தெருவில் நிறுத்தித் துணியை உருவியவனைப் பார்க்கிற பார்வை அது. அவள் எழுந்து நிற்கப் பார்த்தாள், முட்டி மடங்கியது. பெஞ்சுக்கடியில் மூன்று பேர் கால் வைக்கிற இடம் சிவந்துபோயிருந்தது.

அதற்குப் பிறகு யாரும் உட்காரச் சொல்லவில்லை. இரண்டு கையிலும் ஊசி, இரண்டு பக்கமும் ரத்தப் பை. உள்ளே நீளநீளமாகப் பஞ்சுத்துணி வைத்து இறுக்கி அடைத்தார்கள். வேகவேகமாக ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய டாக்டர் வந்தார். ஆபரேஷன் செய்து கட்டிவிடுங்களேன் என்று ரைட்டுக்காரர் கெஞ்சினார். கதிர் பட்ட சதை இஸ்திரிப்பெட்டியில் தீய்ந்த துணி மாதிரி, ஊசி குத்தினால் தையல் நிற்காமல் கிழிந்துகொண்டே போகும், வயிற்றைத் திறந்தால் மேசையிலேயே போய்விடுவாள் என்றார் பெரிய டாக்டர். தீய்ந்த துணி என்றதும் அவருக்குப் புரிந்தது. அப்படிப்பட்டதை வீட்டில் அவள் தைத்துப் பார்த்ததே இல்லை, கந்தலோடு ஒதுக்கிவிடுவாள். அதை நினைத்ததும் அவருக்கு அழுகை வந்தது.

ஒரு வழி இருக்கிறது என்றார்கள். அதற்கென்றே ஒரு டாக்டர். தொடையிடுக்கில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை, அதன் வழியாக ரத்தக்குழாய்க்குள் நூல்போல ஒரு குழல். எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே உள்ளுக்குள் போய், எந்தக் கிளை உடைந்திருக்கிறதோ அதில் முடியைவிடச் சற்றுத் தடித்த கம்பிச்சுருளை விட்டு அடைத்துவிடுவார். கத்தி இல்லை, தையல் இல்லை. அவள் விழித்துக்கொண்டுதான் இருப்பாள். ஆனால் உடைந்த இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்குள் உயிர் தாங்க வேண்டும், ரத்தம் நின்றுபோன இடத்தில் வேறு ஏதாவது பட்டுப்போகவும் கூடும். எல்லாவற்றையும் அந்தச் சுருள் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ரைட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். போடும்போதுதான் தன் நகக்கண்களைப் பார்த்தார். அத்தனை கழுவியும் அங்கே மட்டும் சிவப்பு இருந்தது.

கதவு மூடியது. வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவளைக் கொன்றது நானும் என் துடைப்பமும்தான் என்று அவர் நினைத்தார். அந்த நினைப்பை அசைக்க முடியவில்லை. அவர் வேண்டாத தெய்வம் இல்லை. அவள் பிழைத்தால் ஆயுசுக்கும் என் சட்டையை நானே துவைத்துக்கொள்கிறேன் என்றுகூட வேண்டிக்கொண்டார். கேட்ட தெய்வம் சிரித்திருக்கும்.

கதவு திறந்து சுருள் டாக்டர் வெளியே வந்தார். வேலை முடிந்த முகமாக இல்லை. இரண்டு பக்கமும் திரையில் தெரியும்படியான மருந்து செலுத்திப் பார்த்துவிட்டோம், எங்கேயும் கசிவு தெரியவில்லை என்றார். பஞ்சு இறுக்கிப் பிடித்திருக்கிறது, அழுத்தமும் குறைந்திருக்கிறது, ரத்தம் அடங்கிக் கிடக்கிறது. ஸ்கேனில் ஒரு சந்தேகம், அவ்வளவுதான். நின்றுவிட்டது என்று வார்டுக்கு அனுப்பலாம். நின்றிருக்காவிட்டால் அடுத்த தடவை இங்கே கொண்டுவர நேரம் இருக்காது. பிறகு அவர் கேட்டார், "நீங்க கண்ணால பாத்தீங்க இல்ல? துடிச்சு துடிச்சு வந்துச்சா, வடிஞ்சுதா?"

"துடிச்சு துடிச்சுதான் சார். பாத்துட்டிருக்கும்போதே தானா நின்னுச்சு. அப்புறம் பெஞ்சில திரும்ப வந்துச்சு."

அப்படியென்றால் தமனிதான், திரும்பவும் வரும் என்றார் டாக்டர். உள்ளே வைத்த பஞ்சை எடுத்துவிட்டுப் பார்க்கப் போகிறோம். அடைப்பை எடுத்தால் ரத்தம் வரும். வந்தால் எங்கிருந்து வருகிறது என்று திரையில் தெரியும், உடனே அடைக்கலாம். தெரியாமல் வந்தால், என்று சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவளிடமும் கேட்டாயிற்று, சரி என்றுவிட்டாள், நீங்களும் சொல்ல வேண்டும் என்றார்.

வேண்டுமென்றே ரத்தத்தை வரவிட வேண்டும். அதை நிறுத்தத்தானே இங்கே ஓடிவந்தோம் என்று அவருக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய ஒரே சொல்தான் வாயில் வந்தது.

"ரைட் சார்."

உள்ளே நடந்ததைப் பிறகு நர்ஸ் சொன்னாள். பஞ்சை உருவியதும் முதலில் ஒன்றுமில்லை. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு திடீரென்று வந்தது, மேசை விளிம்பு வரை ஓடியது. ரத்தப் பையைக் கையால் பிழிந்து ஏற்றினார்கள். அந்த நேரத்தில் பளிச்சக்கா கண்ணைத் திறந்து, "விரிப்பு பாழாகுதே" என்றாளாம். நர்ஸுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திரையில், இடது பக்கம் ஒரு சின்னக் கிளையின் நுனியில், குழாயின் சுவர் நைந்து மிளகளவு உப்பியிருந்தது. அதிலிருந்துதான் மருந்து புகைபோல வெளியேறியது. டாக்டர் குழலை அதுவரை கொண்டுபோய்ச் சுருளை விட்டார். இன்னொன்று விட்டார். மருந்து அந்த இடத்தோடு நின்றது. ரத்தமும் நின்றது.

வார்டில் காலை நீட்டியபடி அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அவரோடு பேசவில்லை. அன்று பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. வீட்டுக்குப் போகிற அன்றுதான், சுவரைப் பார்த்தபடி, "எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்க" என்றாள். அவர் ஆமாம் என்றார்.

அவர்கள் கிளம்பும்போது சுருள் டாக்டர் வந்து உண்மையைச் சொன்னார். ஒரு கிளையை அடைத்திருக்கிறோம். கதிர் பட்ட மற்ற குழாய்களும் நைந்துதான் இருக்கின்றன, நாளைக்கே வேறொன்று உடையலாம், உடையாமலும் போகலாம். வந்தால் குளிக்காதீர்கள், துவைக்காதீர்கள், அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள், எங்களுக்குப் பார்க்க வேண்டும் என்றார். எல்லாரும் பார்க்கவா என்று அவள் கேட்டாள். டாக்டர் அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் ரைட்டுக்காரர் திருப்புளி எடுத்துக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். திரும்ப மாட்டச் சொன்னாள், மாட்டவில்லை. அத்தனை வருடத்தில் அந்த வீட்டுக்குள் அவர் அவள் சொல்லைத் தட்டியது அதுதான் முதல் தடவை. அவள் உள்ளே போகும்போது நிறை வாளியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்தாள். குழாய்ச் சத்தம் கேட்டால் அவர் சாப்பிடுகிற சோறு தொண்டையில் நிற்கும். தண்ணீர் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று காது கொடுத்துக்கொண்டே இருப்பார். பிழைத்து வந்தவளைத் திருடியைப்போலக் காவல் காக்கிறேனே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது, ஆனாலும் காவலை விடவில்லை. அவள் வேலைக்குத் திரும்பினாள். மாதங்கள் போயின.

ஒரு காலையில் அவர் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரம். அவள் குளியலறைக்குள் போனாள். வாளி நகரும் சத்தம் கேட்கவில்லை. குழாய்ச் சத்தமும் கேட்கவில்லை. அவர் செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி நின்றார்.

"ஏங்க, உள்ள வாங்க."

அந்த அறைக்குள் அவள் அவரைக் கூப்பிட்டதே கிடையாது. கதவு லேசாகத் திறந்திருந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை குழாய்த் திருகின்மேல் இருந்தது, திறக்கவில்லை, விரல் முட்டி வெளுக்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தாள். காய்ந்த தரையில் துணி கிடந்தது. பாதிக்குமேல் சிவப்பு.

"தண்ணி படல" என்றாள். "ஒரு பையில போடுங்க. காயறதுக்குள்ள போயிடலாம்."

அவர் எதையும் துடைக்கவில்லை. கூடத்தில் விழுந்திருந்த சொட்டுகளைத் தாண்டிக் கதவைப் பூட்டினார். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்தாள். பளிச்சக்கா கறை பட்ட நைட்டியோடு அவளைக் கடந்து போய் ஆட்டோவில் ஏறினாள். வழி முழுவதும் அவர் அந்தப் பையை மடியில் வைத்திருந்தார், அவள் அவருடைய இன்னொரு கையைப் பிடித்திருந்தாள். கை முன்போலவே சில்லென்று இருந்தது. இந்தத் தடவை என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியாது.

அதே கூடம், அதே பெஞ்சு, வேறொரு டாக்டர். கூட்டம் அன்றைக்கு இருந்ததைப் போலவே. டாக்டர் தலை நிமிராமல், "எவ்வளவு போச்சு?" என்று கேட்டார்.

ரைட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவள் அவர் கையை அழுத்தி நிறுத்தினாள். பையை வாங்கினாள். துணியை வெளியே எடுத்தாள், சலவைக்கூடத்தில் செய்வதைப் போலவே இரண்டு முனையையும் பிடித்து, அத்தனை பேருக்கும் தெரியும்படி விளக்குக்கு நேரே விரித்தாள்.

"இவ்வளவு" என்றாள்.